கொல்லைக் குட்டையின் பச்சைப் பாசி

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு குட்டை உண்டு. பரப்பளவில் ஒரு மா நிலத்திற்குச் சற்றுக் குறையும். ஆழம் நடுவில் ஆளுயரம். காவிரியின் கிளை வாய்க்கால் ஒன்றிலிருந்து ஆடி மாதத்தில் அதற்கு நீர் பாயும். பங்குனி சித்திரையில் முழங்கால் அளவுக்கு வற்றும். அதன் மேற்குப் பாதி முழுவதும் பச்சைப் பாசி படர்ந்திருக்கும். கிழக்குப் பாதியில் வானம் தெரியும். நகரத்திலிருந்து வரும் விருந்தினர் எவராயினும் கொல்லைக் கதவைத் திறந்ததும் கேட்கும் முதற்கேள்வி, “ஏன் இதைச் சுத்தம் செய்யாமல் பாதியோடு விட்டுவிட்டீர்கள்?” என்பதாகும். இக்கேள்விக்கு நின்ற நிலையில் விடை சொல்ல இயலாது. எங்கள் குடும்பத்தில் ஒரு பசு கைமாறிப் போன கதையும், ஓர் ஆண்டு மீன் முழுவதும் செத்து மிதந்த கதையும் அவ்விடையில் அடங்கியுள்ளன. ஆகவே பெரும்பாலும் புன்னகையோடு நிறுத்திக்கொள்வோம். வாசக அன்பர்களிடம் அவ்வாறு தப்பித்துக்கொள்ள வேண்டியதில்லை.

முதலில் பாசியைப் பற்றி. தமிழில் நீர்மேல் பச்சையாய் எது படர்ந்தாலும் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். படிக்கட்டில் வழுக்குவதும் பாசி, நீரில் நூல்நூலாய் மிதப்பதும் பாசி, இதுவும் பாசி. உண்மையில் இஃது இலையும் பூவும் உடைய செடியினத்தைச் சேர்ந்தது. உடைத்த பாசிப்பருப்பின் அளவுள்ள தட்டையான சிறு பச்சைத் தகடு. அதுவே இலை, அதுவே தண்டு. அடியில் நூலிழை போன்ற ஒரே வேர் தொங்கும். தாவர நூலார் இதனை லெம்னா என்பர். இதனினும் சற்றுப் பெரிதாய், அடிப்புறம் செந்நீலமாய், ஒரு கொத்து வேர்களுடன் இருப்பது ஸ்பைரோடெலா. வேரே இல்லாமல், பச்சை நிற ரவைபோல் விரலில் ஒட்டிக்கொள்வது உல்ஃபியா. உலகிலுள்ள பூக்கும் செடிகளில் மிகச் சிறியது அதுதான். தாய்லாந்து மக்கள் இந்த ரவைப் பாசியை நீர் முட்டை என்று பொருள்படும் பெயரால் அழைத்து, சமைத்து உண்கின்றனர். இச்சிறு செடிகள் யாவும் நம் வீட்டுச் சேம்புக்கும் கருணைக்கிழங்குக்கும் உறவு என்று கூறினால் நம்பக் கடினமாயிருக்கும். ஆயினும் இன்றைய தாவர நூலார் இவற்றை அந்தக் குடும்பத்திலேயே சேர்த்துள்ளனர். கருணைக்கிழங்கை உண்டால் நாக்கு அரிப்பதற்குக் காரணமான சுண்ணாம்பு ஆக்சலேட் படிகங்கள் லெம்னாவிலும் உள்ளன.

எங்கள் அப்பாயி இவ்வளவும் அறிந்தவரல்லர். வாத்துகள் விரும்பித் தின்பதால் அதனை வாத்துப்பாசி என்று மட்டும் அழைப்பார். அவரிடம் பன்னிரண்டு வாத்துகள் இருந்தன. விடியற்காலையில் மூங்கில் கழியில் கட்டிய பழைய கொசுவலைத் துணியால் பாசியை அரித்தெடுத்து, ஓலைக்கூடையில் நீர் வடியவிட்டு, தவிட்டோடு பிசைந்து வைப்பார். பாசியை மட்டும் வைத்தால் வாத்துக்கு வயிறு நிறையுமேயன்றி உடம்பில் ஒட்டாது என்பது அவர் கருத்து. அது சரியான கருத்தே. பச்சைப் பாசியின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெறும் நீர். ஆனால் உலர்த்திப் பார்த்தால், எருச்சத்து நிறைந்த நீரில் வளர்ந்த பாசியில் நூற்றுக்கு நாற்பது பங்குவரை புரதம் இருக்கும். சத்தற்ற நீரில் வளர்ந்ததானால் அதில் பாதியும் தேறாமற் போகலாம். வாத்துகளின் எச்சம் குட்டையில் விழும். அந்த எச்சத்தில் பாசி கொழுக்கும். கொழுத்த பாசியை வாத்துகள் தின்னும். அப்பாயி இட்ட தவிடு ஒன்றுதான் வெளியிலிருந்து வந்தது. அந்நாளில் எங்கள் வீட்டு வாத்து முட்டையின் மஞ்சட்கரு, மஞ்சள் என்று சொல்ல இயலாத அளவுக்குச் செம்மை படிந்திருக்கும். அதைக் கண்டே முட்டை வாங்க வருவோர் உண்டு.

பள்ளி விடுமுறை நாட்களில் நாங்கள் பாசியோடு சேர்த்துக் குட்டை நீரை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் முகந்து, திண்ணையில் வெளிச்சத்தில் வைத்து, சுற்றி அமர்ந்து பார்ப்பதுண்டு. முதற்பார்வைக்கு வெறும் தண்ணீராகத் தோன்றும். கண் பழகப் பழக ஒவ்வொன்றாய்ப் புலப்படும். தூசிபோல் குதித்துக் குதித்து நீந்தும் நீர்த்தெள்ளுகள். பாசியின் அடிப்புறத்தில் பளிங்குக் களிம்புபோல் ஒட்டியிருக்கும் நத்தை முட்டைகள். வேரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் காத்திருக்கும் தட்டான்பூச்சியின் இளம்புழு. ஒருநாள் தலைகீழாய்த் தொங்கிய ஒரு பழுப்பு நூல், தன் கைகளை நீட்டி நீர்த்தெள்ளு ஒன்றைப் பற்றி விழுங்கியதைக் கண்டு கூச்சலிட்டோம். அது ஹைடிரா என்பதைப் பின்னாளில் கல்லூரியில் கற்றோம். 1978-இல் எங்களுள் ஒருவர் விலங்கியல் பயின்றபோது, இந்தப் பாசியின் ஒற்றை வேரை நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்துவிட்டு ஊருக்குக் கடிதம் எழுதினார். வேர் முழுவதும் மணி வடிவில் சிற்றுயிர்கள் காம்பில் நின்று ஆடுகின்றன என்றும், ஒரு வேரிலேயே ஒரு சந்தைக் கூட்டம் இருக்கிறது என்றும் அக்கடிதத்தில் இருந்தது. மீன்குஞ்சு பாசியைத் தின்பதாக நாம் நினைப்பது பாதி உண்மைதான். மிகச் சிறிய குஞ்சுகள் தேடுவது பாசியில் ஒட்டியுள்ள இந்தச் சந்தைக் கூட்டத்தையே. வளர்ந்த பின்னரே கெண்டை இனங்கள் சில பாசியையே கடித்து உண்ணத் தொடங்குகின்றன.

டார்வின் 1859-இல் வெளியிட்ட தம் நூலில் இந்தப் பாசியை மறவாமல் குறித்துள்ளார். குளத்திலிருந்து திடீரென வெளிப்பட்ட வாத்தின் முதுகில் இது ஒட்டியிருந்ததை இருமுறை கண்டதாகவும், ஒரு தொட்டியிலிருந்து மறுதொட்டிக்குச் சிறிது பாசியை மாற்றியபோது தம்மையறியாமலே நத்தைகளையும் குடியேற்றிவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். ஒரு குளத்து உயிர் மறுகுளத்துக்கு எவ்வாறு செல்கிறது என்ற கேள்விக்கு அவருக்குக் கிடைத்த விடைகளுள் அது ஒன்று. எங்கள் குட்டைக்கும் முதன்முதலில் ஏதோ ஒரு நீர்ப்பறவையின் காலிலோ இறகிலோ ஒட்டித்தான் இது வந்திருக்க வேண்டும்.

இனி, 1974-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டுத் தை மாதத்தில் எங்கள் மூத்த அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. வரன் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர், பட்டணவாசி. அப்பா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் செய்தார், திண்ணையைப் பூசினார், பிறகு கொல்லைக்குச் சென்று குட்டையைப் பார்த்தார். அந்நாளில் அதன் முக்காற் பரப்பு பாசியாய் இருந்தது. “சாக்கடை என்று எண்ணி மூக்கைப் பிடிப்பார்கள். ஒரு பொட்டும் இல்லாமல் அரித்தெடுத்துவிட வேண்டும்” என்றார்.

அப்பாயி வாத்துக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார். “பாதியை எடு தம்பி. படித்துறைப் பக்கம் எடு. மேற்கே விட்டுவை, குஞ்சு குளுவான் எங்கே போய் ஒளியும்?” என்றார். அப்பா மறுமொழி கூறவில்லை. நாங்களும் பெண் வீட்டாருக்குரிய பரபரப்பில் இருந்தோம். அப்பாயியின் சொல் எங்கள் காதிலும் ஏறவில்லை. இரண்டு ஆட்களோடு நாங்களும் இறங்கி, மூன்று நாள் வலை இழுத்தோம். எடுத்த பாசி கொல்லைத் தென்னையடியில் மார்பளவு உயரக் குவியலாயிற்று. அதில் நீரே மிகுதி என்று மேலே சொன்னோமல்லவா? இரண்டாம் நாளே குவியல் முழங்காலளவுக்கு அமிழ்ந்து, அழுகி, குட்டை தன் வாழ்நாளில் என்றுமே எழுப்பியிராத துர்நாற்றத்தை எழுப்பியது. சாம்பலைக் கொட்டினோம், மண்ணை அள்ளிப் போட்டோம். பெண் பார்க்க வந்தவர்கள் முன்கூடத்தில் அமர்ந்தனர், காப்பி அருந்தினர், அக்காவிடம் இரண்டு கேள்வி கேட்டனர், சம்மதம் என்றனர், மாலை வண்டிக்குப் புறப்பட்டனர். கொல்லைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

திருமணத்தை வைகாசியில் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. அவ்வாண்டு குட்டையில் கட்லா, ரோகுக் குஞ்சுகளை விட்டிருந்தோம். நாட்டுக் கெண்டையும் விராலும் தாமாகவே இருந்தன. சித்திரையில் மீன் பிடித்துக்கொள்வதாகப் பேசி, குத்தகைக்காரர் ஒருவர் முந்நூறு ரூபாய் முன்பணம் தந்திருந்தார். அப்பணம் அக்காவின் கூறைப்புடவைக்கும் ஒரு ஜோடி வளையலுக்கும் போய்விட்டது.

பாசி போன பத்து நாட்களுக்குள் பறவைகள் வரத் தொடங்கின. முன்பு ஒன்றிரண்டு மடையான் கரையில் நிற்கும். ஒரு மீன்கொத்தி கம்பியில் இருக்கும். இப்போது மடையான்கள் வரிசையாய் நின்றன. நீர்க்காகங்கள் கூட்டமாய் மூழ்கி மூழ்கி எழுந்தன. மேலே மூடாக்கு இல்லாத நீரில் மீன்குஞ்சின் முதுகு வானத்திலிருந்து பார்ப்பவருக்குத் தட்டில் இட்ட பண்டம்போலத் தெரியும் என்பதை நாங்கள் அப்போதுதான் உணர்ந்தோம். தகரத்தைத் தட்டி விரட்டினோம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை நேரம் தகரம் தட்ட முடியும்?

பறவைகளால் போனது ஒரு பங்குதான். மாசிக் கடைசியில் குட்டை நீர் வேறொரு பச்சையாய் மாறியது. கையால் முகந்தால் கைரேகை தெரியாத, கரைத்த பச்சைச் சாயம் போன்ற நீர். முன்பு வாத்து எச்சத்தின் சத்தையெல்லாம் மேலே மிதந்த பாசி உறிஞ்சிக்கொண்டு, கீழே வெயில் விழாமலும் காத்து வந்தது. அது நீங்கியதும், அதே சத்தும் தடையற்ற வெயிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிக்குக் கிடைத்தன. அது நீரெங்கும் பெருகிற்று. நுண்பாசி பகலில் பிராணவாயுவை வெளியிடும். இரவிலோ மீன்களோடு போட்டியிட்டுத் தானும் பிராணவாயுவை உட்கொள்ளும். வெயில் காயும் நாட்களில் கணக்கு எப்படியோ சரியாகிவிடும். வானம் மூடி, காற்றும் அசையாத நாள் வந்தால் பொழுது விடிவதற்கு முன் நீரில் மூச்சுக்கு வழியில்லாமற் போகும்.

அத்தகைய நாள் பங்குனியில் வந்தது. முதல் நாள் பகல் முழுவதும் மேகமூட்டம். மழையும் இல்லை, காற்றும் இல்லை. விடியுமுன் அப்பாயி எங்களை எழுப்பினார். குட்டை முழுவதும் வட்டவட்டமாய் மீன் வாய்கள் நீர்மட்டத்தில் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அந்த ஓசை, தூரத்தில் யாரோ பலர் முத்தமிடுவது போன்றிருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தென்னை மட்டையால் நீரை அடித்தார். நாங்கள் குடம் குடமாய் முகந்து உயரத்திலிருந்து ஊற்றினோம். நீரில் காற்றைக் கலக்க எங்களுக்குத் தெரிந்த வழி அதுதான். பக்கத்து நிலத்து எண்ணெய் எஞ்சினைக் கடன் கேட்டு ஆள் அனுப்பினோம். அது வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது. அதற்குள் பெரிய மீன்களே முதலில் மடிந்து வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. கூடைகளில் அள்ளினோம். அன்று ஊரில் பல வீடுகளில் இலவசமாக மீன் குழம்பு மணந்தது. எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டப்படவில்லை.

குத்தகைக்காரர் வந்து கரையில் சிறிது நேரம் நின்றார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “முன்பணத்தை மட்டும் தந்துவிடுங்கள் ஐயா” என்றார். அப்பா எங்கள் செவலைப் பசுவை விற்று அதைத் தந்தார். மறுவீட்டுக்கு வந்த அக்கா காலியான தொழுவத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டபோது, பால் வற்றிப் போயிற்று, கொடுத்துவிட்டோம் என்று அம்மா சொன்னார். அப்பசு விற்கும் நாளன்றும் காலையில் மூன்று படி கறந்தது. வாத்துகளும் முன்போல முட்டையிடவில்லை. இட்ட சில முட்டைகளின் மஞ்சட்கரு வெளுத்து, சுண்ணாம்பில் மஞ்சள் பட்டதுபோல் இருந்தது.

அப்பாயி இதைப் பற்றி அப்பாவிடம் ஒரு நாளும் பேசியதை நாங்கள் கேட்டதில்லை. ஆனால் திருமணம் முடிந்த மறுவாரம் எங்களிடம் ஒரு செம்பைக் கொடுத்து, ஊர்க்குளத்திலிருந்து வாத்துப்பாசி கொண்டுவரச் சொன்னார். ஒரு செம்புப் பாசி! நீரில் பரப்பினால் ஒரு முறத்தளவு இருந்தது. நாங்கள் நம்பிக்கையின்றிப் பார்த்தோம். இச்செடி விதையை நம்பிப் பெருகுவதன்று. தாய்த் தகட்டின் விளிம்பிலிருந்து மகள் தகடு முளைத்துப் பிரியும். அந்த மகள் தான் பிரிவதற்கு முன்பே பேத்தியை முளைக்கத் தொடங்கிவிடும். சத்தும் வெப்பமும் தக்கவாறு அமைந்தால் இரண்டு மூன்று நாட்களில் இரு மடங்காகும். மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டித்தால் ஒரு முறம் முப்பது நாளில் ஆயிரம் முறம் என்பது கணக்கு. குட்டையில் கணக்கு அப்படியே நடப்பதில்லை. வாத்து தின்னும், காற்று கரையில் ஒதுக்கும், நெருக்கம் மிகுந்தால் வளர்ச்சி குன்றும். ஆயினும் ஆடியில் புதுநீர் பாய்வதற்குள் மேற்குப் பாதி மூடிவிட்டது. அப்பா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் மாலை, வாத்து மேயும்போது அவர் தாமே கொசுவலைக் கழியை எடுத்துப் படித்துறைப் பக்கத்துப் பாசியை மட்டும் ஒதுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டோம்.

இக்கதையை இத்துடன் நிறுத்தினால் பாசியின் புகழ் பாடியதாக முடியும். அப்படி முடிக்க எங்களுக்கு உரிமையில்லை. 1981-இல் அப்பாயி காலமானார். வாத்துகளைப் பேண வீட்டில் ஆளில்லை, விற்றுவிட்டோம். பாசியை எடுத்ததால் வந்த கேட்டைக் கண்டவர்களாதலின், பாசியில் கைவைக்கவே அஞ்சினோம். தின்ன வாத்தும் இல்லை, அரிக்கக் கையும் இல்லை. 1986-இல் அது கரையிலிருந்து கரைவரை இடைவெளியின்றி மூடிக்கொண்டது. அடுக்கின்மேல் அடுக்காய்த் தடித்து, கல்லை எறிந்தால் வளையம் எழாமல் ஒரு துளை மட்டும் விழுந்து மூடியது. ஒரு வெள்ளாட்டுக்குட்டி புல்தரை என்றெண்ணி நடந்து உள்ளே விழுந்தது. குட்டியை எடுத்துவிட்டோம். வீட்டில் நடை பழகும் குழந்தை ஒன்று இருந்தது. அன்றே கரையைச் சுற்றி மூங்கில் படல் கட்டினோம். அப்படலை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறோம். பாசிக் குட்டை உள்ள வீட்டினர் எவரும் இதைச் சிறிய செய்தியாகக் கொள்ள வேண்டாம்.

முற்றிலும் மூடிய குட்டைக்குள் வெளிச்சம் புகாது. வெளிச்சமின்றி நீருக்குள் பிராணவாயு உண்டாக வழியில்லை. பாசி தான் உண்டாக்கும் பிராணவாயுவையோ பெரும்பாலும் மேலே காற்றில் விட்டுவிடுகிறது. காற்றும் நீரும் தொட்டுக்கொள்ளவும் இடமில்லை. அடியடுக்கில் செத்த பாசி அழுகி, எஞ்சியதையும் உறிஞ்சும். அவ்வாண்டு கெண்டைகள் மீண்டும் செத்தன. இம்முறை ஓசையில்லாமல், நாற்றத்தால் மட்டுமே அறியும்படியாக. வலை போட்டபோது எங்களுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. விரால்கள் மட்டும் கொழுகொழுவென்று உயிரோடு இருந்தன! விரால் நீர்மட்டத்திற்கு வந்து வாயால் காற்றை விழுங்கி மூச்சுவிட வல்லது; அதற்குத் தலையினுள் தனி உறுப்பு உண்டு. பாசியைத் தலையால் முட்டி ஒரு துளை செய்து, ஒரு மிடறு காற்றை வாங்கிக்கொண்டு கீழே போய்விடும். மற்ற மீனுக்கு மரணமான மூடாக்கு அதற்கு நல்ல வீடாயிருந்தது. முட்டையிடும் காலத்தில் விரால் இணை, படர்ந்த செடிகளுக்கு நடுவே ஒரு வட்டத்தைத் தூய்மை செய்து, அங்கே முட்டைகளை மிதக்கவிட்டுக் காவல் காக்கும். குஞ்சுகள் செந்நிறப் பந்துபோல் ஒரே திரளாய் நீந்தும். தாய்தந்தை கீழே சுற்றிக்கொண்டேயிருக்கும். பாசி இல்லாத ஆண்டில் அந்தச் செந்நிறப் பந்தை நாங்கள் ஒருமுறையும் கண்டதில்லை.

அதன் பிறகே வைக்கோல் புரிக்கு வந்தோம். கனத்த புரி ஒன்றை முறுக்கி, இடையிடையே மூங்கில் துண்டுகளைச் செருகி, குட்டையின் குறுக்கே வடக்கு தெற்காய் மிதக்கவிட்டு இரு கரையிலும் முளையடித்துக் கட்டினோம். மேற்கே பாசி, கிழக்கே வெளி. புரியைத் தாண்டி வருவதை அரித்தெடுத்தோம். வாத்துகளையும் மீண்டும் வாங்கினோம், இம்முறை எட்டு. பாசியும் அடியோடு போகாமல், குட்டையை மூடாமலும் இருக்க, தின்பதற்கு ஒரு வாயும் தடுப்பதற்கு ஒரு வேலியும் வேண்டியிருந்தன. அப்பாயி ‘பாதியை எடு’ என்றபோது அவருக்கு இந்த இரண்டும் கைவசம் இருந்தன. அதனால்தான் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னார் போலும்.

பின்னர் ஒரு நண்பர் எங்களுக்கு ஒரு நூலைப் படிக்கத் தந்தார். 1993-இல் உலக வங்கி வெளியிட்டது. முழுக்க முழுக்க இந்தப் பாசியைப் பயிராக வளர்ப்பதைப் பற்றியது. வங்காள தேசத்து மிர்சாப்பூரில் ஒரு மருத்துவமனை வளாகத்தின் கழிவு நீரில் பாசியை வளர்த்து, நீரையும் தெளியச் செய்து, அப்பாசியையே உணவாக இட்டுக் கெண்டை வளர்த்த முயற்சி அந்நாட்டில் புகழ் பெற்றது. காற்று பாசியை ஒரு மூலைக்குத் தள்ளிவிடாதபடி அவர்களும் மூங்கிலை மிதக்கவிட்டுக் கட்டங்களாய்த் தடுத்திருந்தனர். எங்கள் புரியை நினைத்து வீட்டில் சற்றே பெருமைப்பட்டுக்கொண்டோம் என்பதை மறைப்பானேன்?

அந்தச் செய்தியைக் கேட்ட ஊர் இளைஞர் ஒருவர், நகரத்துச் சாக்கடைக் கால்வாயில் பாசி குவிந்து கிடக்கிறது, வண்டியில் கொண்டுவந்து வாத்துக்குப் போடலாமே என்றார். வேண்டாம் என்று தடுத்தோம். இப்பாசி நீரிலுள்ள சத்தை உறிஞ்சும் அதே வேகத்தில் ஈயம், காட்மியம் போன்ற உலோக நஞ்சுகளையும் உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். பட்டறைக் கழிவும் சாயக் கழிவும் கலக்கும் நீரின் பாசி முட்டை வழியாக நம் தட்டுக்கே வந்து சேரும். மருத்துவமனைக் கழிவில் வளர்த்தார்களே என்றால், அது பட்டறை எதுவும் கலவாத நீர். தேக்கி, படியவைத்து, கண்காணித்துச் செய்த வேலை.

கொசுவைப் பற்றியும் கேட்பார்கள். நீரை நெருக்கமாய் மூடிய சிறுபாசியில் கொசுப்புழு மூச்சுவிட மேலே வருவது கடினம். முட்டையிட வெளிநீரும் குறைவு. குறைசொல்ல வேண்டுமானால் ஆகாயத்தாமரையைச் சொல்லலாம். அதுவும் சேம்புக் குடும்பமே. கோசுபோல் ரோசாப்பூ வடிவில் மிதப்பது. மான்சோனியா என்னும் கொசுவின் புழு அதன் வேரைத் துளைத்து அதிலிருந்தே மூச்சுக்காற்றைப் பெறும். கேரளத்துச் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோய் நெடுங்காலம் நிலைத்ததற்கு இக்கொசுவும் அச்செடியும் காரணமாயிருந்தன. எங்கள் குட்டையில் ஆகாயத்தாமரை ஒன்று தலைகாட்டினாலும் அன்றே பிடுங்கிவிடுகிறோம்.

பாசியின் கீழ் வாழ்வோர் பட்டியலை முடிக்க எங்களால் ஆகாது. ஒருவரை மட்டும் விட மனமில்லை. எங்கள் குட்டையில் பெரிய பச்சைத்தவளைகள் உண்டு. பாசியை முக்காடாய்ப் போட்டுக்கொண்டு கண்கள் மட்டும் தெரிய மிதக்கும். தவளை பூச்சி தின்னும் என்று பள்ளியில் படித்தோம். இந்தப் பச்சைத்தவளையோ, வளர்ந்த பின் பெரும்பாலும் இலைதழைகளையே உண்பது என்று தென்னிந்தியாவில் செய்த ஆராய்ச்சியொன்று 1996-இல் வெளிவந்தது. உலகில் அவ்வாறு தழை உண்ணும் தவளைகள் மிக அரிது. தவளைக்கால் ஏற்றுமதி நடந்த நாட்களில் இத்தவளைகளும் சாக்குச் சாக்காய்ப் போயின. 1987-இல் அரசு அதைத் தடைசெய்தது. தடைக்கு முன் சில ஆண்டுகள் எங்கள் குட்டையில் மழை இரவுகள் ஓசையற்றுக் கிடந்தன. இப்போது விருந்தினர் தூக்கம் வரவில்லை என்று குறை சொல்லும் அளவுக்குக் கச்சேரி நடக்கிறது.

சென்ற ஆனியில் அக்கா வந்திருந்தார். எழுபதைக் கடந்துவிட்டார்; முழங்கால் வலி. இருந்தும் வந்ததும் வராததுமாய்ப் படல் கதவைத் திறந்துகொண்டு படித்துறைக்குப் போய் அமர்ந்தார். புதுநீர் இன்னும் வரவில்லை; இருந்த நீரின் மேற்குப் பக்கம் மட்டும் பச்சைப் போர்வை. பழைய புரி உக்கி, நடுவில் அறுந்து, அவ்வழியே பாசி கிழக்கே கசிந்திருந்தது. எங்கள் வீட்டு இளையவர்கள் நைலான் கயிறும் பிளாஸ்டிக் குழாயும் போட்டால் பத்தாண்டுக்குக் கவலையில்லை என்றார்கள். அது சரியாகவும் இருக்கலாம். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வைக்கோல் போரிலிருந்து இரண்டு கட்டு உருவிவரச் சொன்னார். திண்ணையில் கால் நீட்டி அமர்ந்து, நீர் தெளித்து நனைத்துப் பதமாக்கி ஒவ்வொரு பிடியாய் எடுத்துக் கொடுத்தார், நாங்கள் முறுக்கினோம். மறுநாள் காலை வாத்துகளைத் திறந்துவிடுமுன் அதைக் குட்டையின் குறுக்கே இழுத்துக் கட்டினோம்.